கரைக்கு வராத மாதாக் குத்தி

மீனவர் சங்கத்துப் பிள்ளைகள் இந்த முறை ஆண்டு மலருக்கு நான் ஒன்று எழுதித் தரவேண்டும் என்று வீட்டுக்கு வந்து நின்றார்கள். இப்போது எங்கள் கரையில் பாதி ஏலம் போனில் நடக்கிறது. படகு கடலில் நிற்கும்போதே உள்ளே கிடக்கிற மீனைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். வியாபாரி தேத்தண்ணிக் கடையில் இருந்தபடி விரலால் விலை போடுகிறான். படகு மணலில் ஏறுவதற்குள் மீன் கைமாறிவிடுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு என் நினைவு வந்திருக்கிறது.

"வாயால கூறின காலத்துக் கதையை எழுதித் தாங்கோ றோசம்மா. இந்தக் கரையில முதல் பொம்பிளை ஏலக்காரி நீங்கள்தானே" என்றார்கள்.

ஓம், நான்தான். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து என்னோடு சேர்ந்து நடக்காது, நான்தான் அதை இழுத்துக்கொண்டு போகவேண்டும். அதனால் பக்கத்து வீட்டு மருமகள் மெற்றில்டாவிடம் சொல்லி எழுதுவித்து, திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டு, திருத்தித் தருகிறேன். பிள்ளைகள் கேட்டது பெருமைக் கதை. அதையும் சொல்கிறேன், ஆனால் கதை அதோடு முடியாது.

ஏலத்துக்கு வருவதற்கு முந்தி நான் கருவாட்டுக்கு மீன் எடுக்கிறவள். எங்கள் கரையில் சங்கத்துக்காக ஏலம் கூறியவர் சவிரிமுத்து அண்ணை. சவிரியண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மெலிந்த மனுசன். சாரத்தை மடித்துக் கட்டமாட்டார், அலை வந்து நனைத்தால் நனையட்டும் என்று நிற்பார். ஒரு நாள் என்னுடைய மீன் குவியலில் காகங்கள் விழுந்தன. நான் போட்ட சத்தத்தில், வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சவிரியண்ணையும் பார்த்தார்.

"உந்தத் தொண்டையைக் காகத்துக்கு வீணாக்கிறாய். நாளைக்கு வந்து எனக்குப் பக்கத்தில நில்" என்றார்.

நின்றேன். பார்த்தேன். பேச்சு வாங்கினேன். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட, நான் கூறினேன். பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

அவருடைய முறையைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும். படகு ஏறியதும் பெட்டியோடு மீனை விற்க விடமாட்டார். மணலில் படங்குச் சீலையை விரிக்கச் சொல்லிவிட்டு, "கொட்டு. கொட்டிப்போட்டுக் கதை" என்பார். பெட்டியில் மேலே பாரை மினுங்கும், அடியில் நைந்துபோன சூடை கிடக்கும். கொட்டினால்தான் அடி மேலே வரும். பிறகு வாங்க வந்தவர்களை ஒரு சுற்று நடக்க விடுவார். செவுளைத் தூக்கிப் பார்க்கிறவன் பார்ப்பான், அமத்திப் பார்க்கிறவன் அமத்துவான். அவர்கள் வாய் திறக்க முந்தி, இவரே குறையைச் சொல்லிவிடுவார்.

"இது நேத்தையான் மீன். ஐஸ் பட்டது. தெரிஞ்சு கேளுங்கோ."

அதற்குப் பிறகுதான் விலை. ஒருதரம் சொல்வார், இரண்டாந்தரம் சொல்வார், மூன்றாந்தரம் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நிற்பார். நின்று, கேட்டவனுடைய முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் நான் கேட்டேன், அந்த மூச்சு என்னத்துக்கு என்று. "அது எனக்கில்லை பிள்ளை, வாங்கிறவனுக்கு. விடப்போறான் எண்டால் அதுக்குள்ள விடட்டும்" என்றார். நல்ல ஏலக்காரனை நான் பிறகெல்லாம் அந்த மூச்சை வைத்துத்தான் மதித்தேன்.

விலை ஏற்றிவிடுவதற்கென்று நிற்கிற கள்ளக் கேள்விக்காரனையும் அவர்தான் காட்டித் தந்தார். உண்மையாக வாங்க வந்தவன் ஐஸுக்கும் லொறிக்கும் மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்பான், அவன் வாயிலிருந்து சில்லறையோடு உடைந்த தொகைதான் வரும். ஏற்றிவிட வந்தவனுக்கு அந்தக் கணக்கு இல்லை. அவன் முழுத்தொகையாக வீசுவான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கருவாட்டுப் பெண்களில் ஒருத்தியாக ஒரு குவியலை எடுக்கப் பலம் இருக்காது. நாலைந்து பேர் பங்குக்கு எடுப்பார்கள். ஒருத்தி மட்டும் கேட்பாள். மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள், வாய் திறக்கமாட்டார்கள். கேட்டவள் கேட்ட விலை எல்லோருக்கும் விலை. ஏன் கேட்டாய், எதைப் பார்த்துக் கேட்டாய் என்று பிறகு ஒரு சொல்லும் வராது. இந்த வழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கூறத் தொடங்கிய புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. அன்றைக்குச் சவிரியண்ணை பூசைக்குப் போயிருந்தார். வெளியூர் லொறிக்காரர் ஒருவர் கரையில் காத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் அந்தோனியின் படகு தெரிந்தது. துடுப்பில் ஒரு சட்டையைக் கட்டித் தூக்கி ஆட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கரையில் அப்படி ஆட்டினால் வலை நிறைந்தது என்று அர்த்தம்.

"அக்கா, அந்தப் படகை அப்படியே எனக்குக் கூறிவிடுங்கோ. கரைக்கு வந்தால் நாலு பேர் கேப்பினம்" என்றார் லொறிக்காரர். சொன்ன விலை நல்ல விலை. வேறு இரண்டு பேரும் கேட்டார்கள். நான் கடலைப் பார்த்தபடியே கூறினேன். மூன்றாந்தரமும் சொல்லி முடித்தேன். சவிரியண்ணை வந்தால் மெச்சுவார் என்று நினைத்தேன்.

படகு வந்து ஏறியது. உள்ளே மீன் இல்லை. வலை முழுக்கச் சொறிமுட்டை, தொட்டால் கடிக்கிற அந்தக் கூழ். அந்தோனியின் தம்பி பின்பக்கத்தில் சுருண்டு கிடந்தான். திருக்கை முள் காலில் ஏறியிருந்தது. உதவி கேட்டுத்தான் அவர்கள் சட்டையை ஆட்டியிருக்கிறார்கள். நான் அவனுடைய நோவை விலை கூறி விற்றிருக்கிறேன்.

சவிரியண்ணை அதற்குள் வந்துவிட்டார். முதலில் அந்த லொறியிலேயே பொடியனை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார். ஏசவில்லை.

"எங்க நிண்டு வித்தனி?"

காட்டினேன்.

"அங்க போய் நில். வித்த குரலிலயே அழி."

ஏலத்தை அழிக்கிறது என்றால், விற்றது விற்றதல்ல என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வது. நான் போய் நின்று, "ஏலம் அழிஞ்சுது" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தம் காணாது" என்றார் அவர். "விக்கேக்க திறந்த தொண்டை அழிக்கேக்க மட்டும் என்னண்டு அடைக்குது?"

மூன்று தரம் சொல்லவைத்தார். கடைசித் தரம் தேவாலயத்துப் படிவரைக்கும் கேட்டிருக்கும். அன்றிலிருந்து மணலில் கொட்டாத மீனுக்கு நான் விலை கூறியதில்லை. சண்டையில் இடம்பெயர்ந்து போனோம், திரும்பி வந்தோம். சவிரியண்ணை திரும்பி வரவில்லை. அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். என் சொல்லில் ஒரு பிழை இருந்தது என்று ஒரு வியாபாரியும் வாய் திறந்ததில்லை. முழங்கால் நோவால் மணலில் நிற்க ஏலாமல் போன பிறகு நிறுத்திக்கொண்டேன். சங்கம் மாலை போட்டு, கையில் ஒரு போனும் தந்து அனுப்பியது.

இவ்வளவும் பெருமைக் கதை. இனி மற்றது.

வேலை இல்லாதவளுக்குப் பின்னேரம் நீளம். மெற்றில்டாதான் போனில் ஓர் ஏலப் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். அதில் ஒரு தம்பி நின்று, பழைய முத்திரை, மணிக்கூடு, வெள்ளி நாணயங்கள் என்று கூறி விற்பான். எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான் கதைத்தான். எந்த ஊர் என்று சொல்லமாட்டான். நான் முதலில் நையாண்டி பண்ணத்தான் பார்த்தேன்.

"உவனுக்கு மூச்சு அடியிலயிருந்து வரேல்லை பிள்ளை, மூக்காலதான் கூறுறான்" என்றேன்.

"அப்ப நீங்கள் போய்ச் சொல்லிக் குடுங்கோவன் மாமி" என்றாள் மெற்றில்டா.

நாள் போகப் போகக் காது அதற்குப் பழகிவிட்டது. ஒருதரம், இரண்டாந்தரம் என்ற சத்தம் கேட்டு எவ்வளவு காலம். மூன்றாந்தரத்துக்கு முன் அவனும் ஒரு மூச்சு நின்றான். அதை நான் கவனித்தேன். கவனித்ததும் அவனை நல்லவன் என்று முடிவுகட்டிவிட்டேன். நாற்பது முறை பார்த்த நாடகக்காரனுக்கும் எங்கே நிற்கவேண்டும் என்று தெரியும் என்பது எனக்கு ஓடவில்லை.

ஒரு நாள் மாதா படம் வந்தது. கடல் நட்சத்திர மாதா. படகின் முனையில் நிற்கிறா, காலடியில் அலை, தலைக்குமேல் நட்சத்திரம். எங்கோ வெளிநாட்டில் நாணயம் அடிக்கிற சாலையொன்று அதை வெள்ளியில் அடிக்கிறது, கொஞ்சம்தான் அடிக்கும், முடிந்தால் முடிந்ததுதான் என்றான் அவன். ஆறு குத்தி சேர்ந்த ஒரு பொதியாக ஏலத்துக்கு விட்டான். இங்கே நாணயத்தைக் குத்தி என்றுதான் சொல்வோம். நாங்கள் அதற்கு மாதாக் குத்தி என்று பெயர் வைத்தோம்.

நான் கருவாடு போடுகிற வாடிக் கொட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். பிலோமினா அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. "நான் பெட்டையின்ர கையில அந்தக் குத்தியைத்தான் வைச்சு அனுப்புவன் றோசக்கா. நகை எல்லாரும் போடுவினம்" என்றாள். இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். பங்குக்கு எடுக்கிற வழக்கம்தான். நான் கேட்பது, அவர்கள் பின்னால் நிற்பது. ஒருத்தியும் படத்தை இரண்டாந்தரம் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேனே.

ஏலத்தன்று படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. அதை வாசிக்கும் வேகம் எனக்கு இல்லை. நான் மெற்றில்டா வீட்டுக் கதிரையில் இருந்தேன், அவள் குசினியில் நின்றாள். "இங்க வந்து இதை ஒருக்கா வாசி பிள்ளை" என்று கூப்பிட்டிருந்தால் கதை அதிலேயே முடிந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் நான் எழுத்துத் தெரிந்தவள் மாதிரித்தான் அதுவரை காட்டிக்கொண்டிருந்தேன். ஓடிய வரி இதுதான் என்று பிறகு தெரிந்தது: இது முன்விற்பனை, நாணயம் இன்னும் வெளியாகவில்லை, காட்டப்படுவது மாதிரிப் படம் மட்டுமே.

அவன் ஒளிக்கவில்லை. எழுதித்தான் வைத்திருந்தான். துடுப்பில் ஆட்டிய சட்டையைத்தான் அவன் விற்றான், நான் திரும்பவும் மீன் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு எதிராக ஓர் ஆள் கேட்டுக்கொண்டே வந்தார். உடைந்த தொகையாகக் கேட்டார். கணக்குப் பார்க்கிற ஆள், உண்மையாக வாங்க நிற்கிறவர் என்று நான் நம்பினேன். எனக்கு இரத்தம் ஏறிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக மற்றவர்களைக் கேட்கவைத்தவள், ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டேன். வென்றேன். கதிரையை விட்டு எழும்பியும் விட்டேன். அந்த எதிர்க் கேள்விக்காரர் மறுநாள் மணிக்கூட்டுக்கும் நின்றார், அதற்கு மறுநாள் முத்திரைக்கும் நின்றார். ஒன்றையும் அவர் வென்றதாக நான் காணவில்லை. அவரும் விலை ஏற்றிவிட நிற்கிற ஆள்தான் என்று எனக்கு விளங்கியபோது காசு போய்விட்டது.

என்னுடைய பிழை எங்கே என்று பிறகு நெடுக யோசித்திருக்கிறேன். வேலை செய்த காலம் முழுக்க நான் விற்கிறவன் பக்கத்தில் நின்றவள். வாங்குகிறவன் காசு தராமல் போவானோ என்றுதான் எனக்குப் பயம். மீனை முதலில் கொடுத்து, காசைப் பிறகு வாங்குகிற கரை எங்களுடையது. காசை முதலில் கொடுத்துவிட்டுச் சாமானுக்குக் காத்திருக்கிறவளுக்கு என்ன பயம் இருக்கவேண்டும் என்று என் உடம்புக்குத் தெரியாது.

காத்திருந்தோம். கேட்டபோதெல்லாம் அந்தத் தம்பி மரியாதையாகப் பதில் சொன்னான். "அம்மா, அடிக்கிற சாலையில தாமதம். இன்னும் ரெண்டு கிழமை பொறுங்கோ." பிறகு சுங்கத்தில் நிற்கிறது என்றான். பிறகு பெருநாள் விடுமுறை என்றான். காசு கட்டின வழியில், சாமான் வராவிட்டால் முறையிட்டுக் காசைத் திருப்பி எடுக்க ஒரு தவணை இருந்ததாம். அந்தத் தவணை கடக்கும்வரைதான் அந்த மரியாதை என்று மெற்றில்டா பிறகு கண்டுபிடித்தாள். அவன் சொன்னதையெல்லாம் நான் வாடியில் போய் என் சொல்லாகச் சொன்னேன். வருகுது, வருகுது என்று.

"என்ன றோசக்கா, உங்கட குத்தி நீந்தியோ வருகுது?" என்று பிலோமினா ஒருநாள் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி எழுதுவதை மெற்றில்டாவுக்குச் சொல்லவே எனக்கு நாக்கு வரவில்லை. நேற்று நிறுத்திவிட்டு இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் அந்தத் தம்பி என்னோடு தனியாகக் கதைத்தான். "அம்மா, உங்கட குரலே தனிக் குரல். ஏலம் கூறினவா எண்டு சொன்னீங்கள். எங்கட ஏலப் பக்கத்தில போட ரெண்டு வார்த்தை சொல்லித் தாங்கோ. உங்கட பொதியை முதல் ஆளா அனுப்பிவிடுறன்" என்றான்.

சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. கிணற்றடியில் போய் நின்று, போனைப் பிடித்து, தொண்டையைச் சரிசெய்து, கரையில் கூறின அதே குரலில் சொன்னேன். நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் முப்பது வருடம் ஏலம் கூறினவள், நல்ல சாமான் எது என்று எனக்குத் தெரியும், இந்தத் தம்பியின் சாமானை நான் கையில் எடுத்துப் பார்த்தேன், சுத்த வெள்ளி, நம்பி எடுங்கோ என்றேன். கையில் எடுத்துப் பார்த்தேன் என்ற சொல்லை அவன் சொல்லித் தரவில்லை. அது என் வாயில் தானாக வந்தது. கொட்டாத மீனை நான் கொட்டிக் காட்டினேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்று அடிக்கடி எடுத்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன் என்பதையும் எழுது என்று மெற்றில்டாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நாணயம் ஒருநாள் வெளியாகத்தான் செய்தது. மெற்றில்டா போனில் தேடி எடுத்தாள். அடித்த சாலையே நேராக விற்றுக்கொண்டிருந்தது. வேண்டிய அளவு இருந்தது. நாங்கள் கட்டின விலைக்கு மிகக் கீழே. வெளியாக முந்தி, இது கிடைக்காது என்று பயம்காட்டி ஏற்றின விலையைத்தான் நாங்கள் கட்டியிருந்தோம். தம்பியைக் கேட்டால், தனக்கு ஒதுக்கின பங்கு வரவில்லை என்றான். அவனிடம் அது எந்த நாளும் இருந்ததில்லை. இனிமேல் வாங்கலாம் என்ற நம்பிக்கையில் விற்றிருக்கிறான். காசு திரும்பாது, அந்தக் காசுக்கு வேறு சாமான் ஏலத்தில் எடுங்கோ என்றான்.

நான் அதையும் வாடியில் சொல்லவில்லை. பிலோமினாவின் மகளுடைய கலியாணம் நடந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். பிலோமினா மகளின் கையில் ஒரு சின்னப் பெட்டி வைத்தாள். பிறகு தெரிந்தது, அதற்குள் போனில் இருந்த மாதா படத்தைக் கடதாசியில் எடுத்து மடித்து வைத்திருக்கிறாள். குத்தி பிறகு வரும், றோசக்கா சொன்னவா என்று.

அதற்குப் பிறகுதான் தவமலர் வந்தாள்.

ஒரு காலை, வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாள். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பையில் கத்தரிக்காய். விசுவமடுவிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். சந்தியில் இறங்கி, ஏலம் கூறின அம்மாவின் வீடு எது என்று கேட்டிருக்கிறாள். கேட்டால் குழந்தையும் காட்டும்.

"நீங்கள்தானே அம்மா போனில கதைச்சது? குரலை வைச்சே பிடிச்சிட்டன்" என்றாள்.

"இருங்கோ பிள்ளை. என்ன அலுவல்?"

"நானும் அந்தத் தம்பியிட்டப் பிள்ளையார் போட்ட வெள்ளிக் குத்தி எடுத்தனான். மகளின்ர குழந்தைக்கு முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்குப் போடுவம் எண்டு. நெல்லு வித்த காசு. இன்னும் வரேல்லை. வரட்டும், அது பறுவாயில்லை." கத்தரிக்காய்ப் பையை என் பக்கம் நகர்த்தினாள். "எங்கட வீட்டில அவர் நம்பிறார் இல்லை. அது ஆரோ கூலிக்குக் கதைச்ச குரல், அப்படி ஒரு ஏலக்கார அம்மா உலகத்தில இல்லை, நீ ஆரிட்டயோ ஏமாந்துபோட்டுக் கதை விடுறாய் எண்டு ஒவ்வொரு நாளும் பேச்சு. மகளும் அவர் பக்கம். கையில காசு தாறதையும் நிப்பாட்டிப்போட்டார். உங்களிட்ட இருக்கிறதை ஒருக்காத் தொட்டுப் பாத்திட்டுப் போறன் அம்மா. நான் கண்டனான் எண்டு போய்ச் சொல்லலாம்."

நான் தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குள் போனேன். தண்ணீர் கொதித்துப் பொங்கியது. திரும்பி வந்து எதிரே இருந்தேன்.

"என்னட்டயும் இல்லை பிள்ளை" என்றேன்.

"வேற ஆரிட்டயும் குடுத்து வைச்சிருக்கிறியளோ?"

"இல்லை. எனக்கு வரேல்லை. இனி வராது."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப நீங்கள் எதை அம்மா கையில எடுத்துப் பாத்தனீங்கள்?"

போகும்போது கருவாடு கொஞ்சம் கட்டிக் கொடுத்தேன். இன்றைக்கு விரதம், மச்சம் மாமிசம் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கத்தரிக்காயை வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே வாடிக்குப் போனேன். நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். பிலோமினா கத்தியை வைக்கவில்லை, மீனை வெட்டிக்கொண்டே இருந்தாள். "கலியாணத்துக்கு முதல் சொல்லியிருந்தால் நான் அந்தப் பெட்டிக்குள்ள ஒரு ஜெபமாலையாவது வைச்சிருப்பன்" என்றாள். அவர்களுடைய பங்கை நான் எப்படித் திருப்பிக் கொடுக்கிறேன் என்பது என் பாடு. அது மலரில் வரவேண்டியதில்லை.

பிறகு மெற்றில்டாவைக் கொண்டு, நான் விற்ற ஏலத்தைப் போனிலேயே அழித்துப் பார்த்தேன். என் பேச்சு பொய், நான் ஒன்றையும் கண்டதில்லை என்று அந்தப் பக்கத்திலேயே போட்டோம். சோறு இறக்கி வைப்பதற்குள் அதை எடுத்துவிட்டார்கள், எங்களையும் உள்ளே வரவிடாமல் மறித்துவிட்டார்கள். பழைய பேச்சு மட்டும் அங்கேயே கிடந்தது. நம்பி எடுங்கோ என்று நான் இன்னும் கூறிக்கொண்டிருந்தேன்.

எங்க நிண்டு வித்தனி என்று சவிரியண்ணை கேட்டது அப்போது எனக்குக் கேட்டது. நான் கிணற்றடியில் நின்று சொன்னேன். ஆனால் விற்றது அங்கே அல்ல. தவமலரின் வீட்டில், அவள் அடுப்படியில் வைத்திருந்த போனில்தான் விற்றேன்.

விசுவமடுவுக்குப் போனேன். மெற்றில்டா கூட வந்தாள். ஒழுங்கைக்குள் நடந்து வீட்டைக் கண்டுபிடித்தபோது, தவமலரின் புருசன் முற்றத்தில் உழவு இயந்திரத்துக்குக் கீழே படுத்து ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய கால் மட்டும்தான் தெரிந்தது. தவமலர் எங்களைக் கண்டு, கிணற்றடியில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நான் வீட்டுக்குள்ளே இருந்து, மெதுவாகச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். முற்றத்தில் நின்றே சொன்னேன்.

"தம்பி, போனில கதைச்ச ஏலக்காரி நான்தான். உங்கட மனுசி கதை விடேல்லை. பொய் சொன்னது நான்."

கால் அசையவில்லை. சத்தம் காணாது. மெற்றில்டா என் கையைப் பிடித்தாள். நான் கையை எடுத்துக்கொண்டு, சேலையை இடுப்பில் செருகி, கரையில் நிற்கிற மாதிரிக் காலை அகட்டி நின்றேன்.

"வெள்ளிக் குத்தி நான் கண்டதுமில்லை, தொட்டதுமில்லை. காணாததைக் கண்டன் எண்டு கூறி வித்தனான். ஏலம் அழிஞ்சுது, ஒருதரம். ஏலம் அழிஞ்சுது, ரெண்டாந்தரம்."

நாய்கள் குரைத்தன. அவர் இயந்திரத்துக்குக் கீழிருந்து வெளியே வந்து, எண்ணெய்க் கையோடு எழும்பி நின்றார். நான் ஒரு மூச்சு நின்றேன். அந்த மூச்சில் அவர் என்னைப் பார்க்கவில்லை, கிணற்றடியைப் பார்த்தார்.

மூன்றாந்தரமும் சொல்லி முடித்தேன். பக்கத்து வேலிக்கு மேலால் ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. கையில் சட்டியோடு ஓடி வந்திருக்கிறாள்.

"என்ன மீன் அம்மா கொண்டு வந்திருக்கிறியள்?" என்று கேட்டாள்.

தவமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் புருசனும் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேலிப் பெண்ணும் போன் வைத்திருப்பாள், அவளும் கேட்டிருப்பாள்.

"மீன் இல்லைப் பிள்ளை" என்று வேலிக்குக் கிட்டப் போய், திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.